பெயரில் ஷாவோலின், பிறந்தது தாதோத்சுவில்: ஷோரின்ஜி கெம்போ எதற்காக உருவானது?

எதிரில் நிற்பவர் இடது கையால் உங்கள் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறார். நல்ல இறுக்கமான பிடி. நம்மில் பெரும்பாலோர் கையை வெடுக்கென்று பின்னால் இழுப்போம். இழுக்க இழுக்க அவர் பிடி இறுகும். ஆள் பலசாலி என்றால் நாமே அவர் பக்கம் போய்ச் சேர்வோம். ஷோரின்ஜி கெம்போ பயிற்சிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்கு முதலில் சொல்லித்தரும் பாடங்களில் ஒன்று இதற்கு நேர் எதிரானது. ஐந்து விரல்களையும் நன்றாக விரிக்க வேண்டும். மணிக்கட்டைக் கொக்கி போல வளைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டினாற்போல் கொண்டுவர வேண்டும். இந்த நிலைக்கு வந்துவிட்டால் அவரால் உங்களைச் சுலபமாக இழுக்கவோ தள்ளவோ முடியாது. அப்புறம் கையை இழுக்காமல் முழங்கையை அவர் பக்கமாக முன்னே செலுத்தினால், அவருடைய கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி வழியாக மணிக்கட்டு தானாகக் கழன்று வரும். கழன்ற அதே கையின் புறங்கை முட்டியால் முகத்தை நோக்கி ஓர் அடி. அடித்த கையோடு விலகி, தூரம் எடுத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

இதன் பெயர் 'கோதே நுகி'. கோதே என்றால் முன்கை, நுகி என்றால் உருவுவது. சின்ன உத்திதான். ஆனால் இந்தக் கலை எப்படி ஒட்டுப்போடப்பட்டது என்பது இதிலேயே தெரியும். முதல் பாதி, பிடியிலிருந்து விடுபடுவது, பிடித்து முறுக்கி வீழ்த்தும் பழைய ஜப்பானியக் கலையான ஜுஜுத்சுவின் வேலை. இரண்டாம் பாதி குத்து. பிடியும் முறுக்கும் வீழ்த்தலும் சேர்ந்த பகுதியை 'ஜுஹோ' என்கிறார்கள், மென்மையான முறை. குத்தும் உதையும் தடுப்பும் 'கோஹோ'. அதை அப்படியே 'வன்முறை' என்று மொழிபெயர்த்தால் விபரீதமாகிவிடும், கடின முறை என்று வைத்துக்கொள்வோம். இவற்றோடு 'செய்ஹோ' என்று மூன்றாவதாக ஒன்று உண்டு. அது அழுத்தப் புள்ளிகளைக் கொண்டு உடலைச் சீர்படுத்தும் வைத்திய முறை.

இனி பெயருக்கு வருவோம். சீனத்தின் ஷாவோலின் கோயிலை எழுதும் மூன்று எழுத்துகளை ஜப்பானியர் தங்கள் முறையில் வாசித்தால் வருவதுதான் 'ஷோரின்ஜி'. கெம்போ என்பது முட்டிக் கலை, அதாவது குத்துச்சண்டை முறை என்பதற்கான சீனச் சொல்லின் ஜப்பானிய உச்சரிப்பு. பெயரை மட்டும் கேட்டால் ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பழமை தெரிகிறது. கலை பிறந்ததோ 1947 அக்டோபரில், ஷிகோகு தீவின் ககாவா மாகாணத்தில் உள்ள தாதோத்சு என்ற சின்னத் துறைமுக ஊரில். கொன்பிரா கோயிலுக்குப் போகும் யாத்ரீகர்கள் ஒரு காலத்தில் கப்பலிலிருந்து இறங்கிய ஊர் அது. போர் முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. (அதே 1947இல்தான் ஹவாய்த் தீவுகளில் கராத்தே, ஜூடோ, கெம்போ, குத்துச்சண்டை எல்லாவற்றையும் கலந்து, பெயரையும் அவற்றின் முதலெழுத்துகளிலிருந்தே எடுத்து, கஜுகென்போ என்ற கலையை உருவாக்கினார்கள். கலப்புக்கு ஏற்ற காலம் போலும்.)

உருவாக்கியவர் சோ தோஷின். 1911இல் ஒகயாமா மாகாணத்தில், நகானோ என்ற குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, சீனத்தின் வடகிழக்கில், மஞ்சூரியாவிலிருந்த தாத்தாவிடம் போய்ச் சேர்ந்தார். தாத்தா வாள், ஈட்டி, ஜுஜுத்சு தெரிந்தவர். ஆசியக் கண்டத்தில் ஜப்பானின் விரிவாக்கத்துக்காக வேலை செய்த 'கறுப்பு டிராகன்' சங்கத்தைச் சேர்ந்தவர். பேரன் 1928இல் மறுபடி மஞ்சூரியாவுக்குப் போனது ராணுவத்தின் உளவு வேலைக்காக. ஒரு தாவோ மதத் துறவியிடம் சீடனாக நடித்துக்கொண்டே தகவல் திரட்டினார் என்றும், அந்தத் துறவியிடம்தான் முதலில் சீனச் சண்டைக் கலையைக் கற்றார் என்றும் ஷோரின்ஜி கெம்போ அமைப்பின் வரலாறு சொல்கிறது. பிறகு பெய்ஜிங்கில் இன்னொரு ஆசானிடம் 'கிவாமொன்கென்' என்ற முறையைப் பயின்றாராம். 1900ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் வெளிநாட்டுப் படைகளோடு மோதிய யிஹெதுவான்களின் பெயரைத் தாங்கிய முறை அது. 1936இல் ஷாவோலின் கோயிலிலேயே அந்த மரபின் 21ஆவது வாரிசாக ஆனதாகவும் அந்த வரலாறு சொல்கிறது.

ஒரு காலனி ராணுவத்தின் உளவாளி, அந்த ராணுவம் மிதித்துக்கொண்டிருந்த நாட்டின் கலைக்கு வாரிசு. இந்த முரண்பாட்டை அமைப்பு மறைப்பதில்லை. ஆனால் அதைப் பற்றி அதிகம் யோசிப்பதாகவும் தெரியவில்லை. வாரிசுரிமைக் கதையைச் சண்டைக்கலை ஆராய்ச்சியாளர்கள் பலர் நம்புவதில்லை. அதற்கு அப்புறம் வருவோம். முதலில் 1945.

ஆகஸ்ட் 9 அன்று சோவியத் படை மஞ்சூரியாவுக்குள் நுழைந்தது. அங்கே ஏறத்தாழ 15 லட்சம் ஜப்பானியக் குடிமக்கள் இருந்தார்கள். அவர்களைக் காக்க வேண்டிய ஜப்பானின் க்வாந்துங் படையின் அதிகாரிகளும் அவர்கள் குடும்பங்களும் முதல் ரயில்களில் ஏறித் தெற்கே போய்விட்டன. எல்லையோரம் நிலத்தை உழுதுகொண்டிருந்த குடியேறிகள் கைவிடப்பட்டார்கள். சோ அப்போது சோவியத் எல்லையை ஒட்டிய பகுதியில் இருந்தார். தப்பித்து, அடுத்த ஒரு வருடத்தை ஆக்கிரமிக்கப்பட்ட மஞ்சூரியாவில் கழித்தார். அந்த நாட்களில் ஒன்றைக் கவனித்ததாகப் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரே படை, ஒரே சட்டம், ஒரே கொள்கை. ஆனால் ஒரு ஊரில் மக்கள் பட்ட பாடு இன்னொரு ஊரில் இல்லை. அங்கே பொறுப்பில் இருந்த அதிகாரி எப்படிப்பட்ட ஆள் என்பதைப் பொறுத்தே எல்லாம் மாறியது. 'மனிதன், மனிதன், மனிதன். எல்லாம் மனிதனின் தரத்தில்தான் இருக்கிறது' என்பது அவருடைய வாசகமாக நிலைத்தது. ஷோரின்ஜி கெம்போவின் உண்மையான மூலம் எங்கே என்று கேட்டால் நான் இந்த ஒரு வருடத்தைத்தான் காட்டுவேன்.

1946இல் ஊர் திரும்பியபோது ஜப்பான் நொறுங்கிக் கிடந்தது. கள்ளச்சந்தை, பசி, ரவுடிக் கும்பல்கள், எதையும் நம்பாத இளைஞர்கள். தாதோத்சுவில் குடியேறிய சோ முதலில் செய்தது உபதேசம். இளைஞர்களைக் கூட்டி வைத்து மனிதத் தரம், நாட்டைத் திரும்ப எழுப்புவது என்று பேசினார். எடுபடவில்லை. வயிறு காய்ந்திருப்பவனிடம் நெறி பேசினால் எத்தனை நாள் உட்கார்ந்து கேட்பான்? அந்தச் சோர்வில் ஒரு நாள் கனவில் போதிதர்மர் வந்தார், பேசாமல் நடந்துபோனார், பின்தொடர முயன்று தான் விழித்துக்கொண்டேன் என்று சோ எழுதியிருக்கிறார். கனவின் பொருளாக அவர் எடுத்துக்கொண்டது நடைமுறைக்கு உதவும் ஒரு யோசனை: மஞ்சூரியாவில் கற்ற சண்டையைச் சொல்லிக்கொடு, பையன்கள் தானாக வருவார்கள், வந்தவர்களிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அதாவது உத்தி ஒரு தூண்டில். இதை அவர் ஒளித்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் மதிய உணவு போட்டுப் பிள்ளைகளை உட்கார வைப்பது போன்ற ஏற்பாடு என்று நாம் புரிந்துகொள்ளலாம். வீட்டிலேயே ஒரு சின்ன அறையில் பயிற்சி தொடங்கியது.

இந்த இடத்தில் ஒரு சிக்கல். அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் ஜப்பானியப் போர்க்கலைகளை ராணுவவெறியின் விளைநிலமாகப் பார்த்தது. பள்ளிகளில் அவற்றுக்குத் தடை வந்தது. போர்க்கலைகளின் தாய்ச்சங்கமான பூதோகுகாய் 1946இல் கலைக்கப்பட்டது. தனியார் யாரும் எதையும் பயிலவே கூடாது என்ற அளவுக்குத் தடை இருந்ததாகப் பிற்காலத்தில் பலர் எழுதினார்கள், அது மிகை. ஆனாலும் புதிதாக ஒரு சண்டைப் பள்ளி திறப்பது கண்ணை உறுத்தும் காரியம்தான். சோ தன் கலையை ஒரு மதமாக நிறுத்தினார். 1951இல் அது 'கொங்கோ ஜென்' என்ற பெயரில் சட்டப்படி மத அமைப்பாகப் பதிவானது. கொங்கோ என்றால் வஜ்ரம். தடையைச் சுற்றிப்போகும் தந்திரம் மட்டும்தான் இது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தடைகள் தளர்ந்து, 1952இல் ஆக்கிரமிப்பே முடிந்த பிறகும் அவர் மதத்தைக் கழற்றிவிடவில்லை. இன்றும் மதத்தோடு சேர்ந்த கிளைக்கு 'தோயின்' என்றும், பள்ளி, கல்லூரி, நிறுவனங்களில் இயங்கும் கிளைக்கு 'ஷிபு' என்றும் வேறு வேறு பெயர்.

சரி, போதிதர்மர். தமிழ் இணையத்தில் இவரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை என்கிற அளவுக்கு எழுதிக் குவித்திருக்கிறோம்: காஞ்சிபுரத்து இளவரசர், சீனத்துக்குப் போனார், ஷாவோலினில் குங்ஃபூ கற்றுக்கொடுத்தார். சோ தோஷினும் இந்தக் கதையின் ஒரு வடிவத்தை நம்பியவர்தான். ஷாவோலின் கோயிலில் வெள்ளாடை மண்டபம் என்று ஒன்று இருக்கிறது. அதன் சுவரில் சீனத்தின் சிங் அரச வம்சக் காலத்து ஓவியம்: முற்றத்தில் துறவிகள் இருவர் இருவராக மோதிப் பழகுகிறார்கள், சிலர் வெளிர் நிறம், சிலர் கறுத்த நிறம். கறுப்பாக இருப்பவர்கள் இந்தியத் துறவிகள், வெளிர் நிறத்தவர் சீனத் துறவிகள், இரு நாட்டவரும் பகையில்லாமல் சிரித்த முகத்தோடு பயில்கிறார்கள் என்று சோ அதை வாசித்தார். தனியாக ஆடும் வரிசைகளை விட இருவர் சேர்ந்து பழகுவதே இந்தக் கலையின் ஆதி வடிவம் என்ற முடிவுக்கு அந்த ஓவியமே தன்னைக் கொண்டுவந்தது என்றார்.

வரலாறு அவருக்கும் நமக்கும் அவ்வளவு இணக்கமாக இல்லை. போதிதர்மரைக் குறிப்பிடும் மிகப் பழைய சீனப் பதிவு 547ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது அவரைப் பாரசீகத் துறவி என்கிறது. தென்னிந்தியப் பேரரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்பது அவருடைய சீடர் வட்டத்தைச் சேர்ந்த தான்லின் எழுதியது. காஞ்சி, பல்லவர் எல்லாம் அதன் மேல் பின்னால் ஏறியவை. ஷாவோலின் கோயில் ஐந்தாம் நூற்றாண்டின் கடைசியில் எழுப்பப்பட்டதும் போதிதர்மருக்காக இல்லை, பாதுவோ என்ற வேறொரு இந்தியத் துறவிக்காக. அந்தக் கோயில் துறவிகள் 621இல் போரில் இறங்கியதற்குக் கல்வெட்டுச் சான்று இருக்கிறது. ஆனால் அவர்கள் கலையைப் போதிதர்மரோடு முடிச்சுப்போட்டது, 1624ஆம் ஆண்டு என்று தேதியிட்ட ஒரு தசைப்பயிற்சி நூல். போதிதர்மர் வாழ்ந்து ஆயிரம் ஆண்டுக்கு மேல் கழித்து! சீன ஆய்வாளர் தாங் ஹாவ் 1930இலேயே இந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டிவிட்டார். சோ கோயிலுக்குப் போனதாகச் சொல்லும் 1936க்கு ஆறு ஆண்டு முன்பே.

இன்னொன்றும் இருக்கிறது. 1928இல் ஷி யோசான் என்ற போர்ப்பிரபு ஷாவோலின் கோயிலுக்குத் தீ வைத்தார். பெரிய மண்டபங்களும் நூலகமும் சாம்பலாயின. வெள்ளாடை மண்டபம் தப்பியது. ஆகவே 1930களில் அங்கே போனவர் பார்த்திருக்கக்கூடியது ஓர் இடிபாட்டையும் நடுவே சுவரோடு நின்ற அந்த ஓவியத்தையும்தான். அதனால்தானோ என்னவோ, ஓவியம் அவர் மனதில் அவ்வளவு பெரிதாக உட்கார்ந்துவிட்டது.

அப்படியானால் உத்திகள் உண்மையில் எங்கிருந்து வந்தன? பயிற்சியைப் பார்த்தால் போதும். வெள்ளை உடை, 'க்யூ', 'தான்' என்று பெயரிட்ட படிநிலை முறை, இவை இரண்டும் ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ வழியே எல்லா ஜப்பானியக் கலைகளுக்கும் வந்தவை. ஜுஹோவின் மணிக்கட்டு முறுக்குகள் தாய்தோ-ரியூ ஜுஜுத்சுக் குடும்பத்தின் சாயல் கொண்டவை. அந்தக் குடும்பத்திலிருந்து 1941இல் பிரிந்த ஹக்கோ-ரியூ பள்ளியில் சோ பயின்றார் என்பது அந்தப் பள்ளியினர் வெளிப்படையாகவே சொல்வது. தாத்தாவிடம் கற்ற ஜுஜுத்சு வேறு இருந்தது. குத்து, உதைப் பகுதியில் சீனம் இருக்கிறது. தனியாகச் செய்யும் வரிசைகளில் 'கிவாகென்', 'ப்யாகுரென்கென்' என்று யிஹெ, வெண்தாமரை ஆகிய பெயர்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆனால் இவை எல்லாவற்றையும் உடைத்து, தேவையானதைப் பொறுக்கி, மூன்று முறைகள், 25 பிரிவுகள், அறுநூற்றுச் சொச்சம் உத்திகள் என்று அட்டவணை போட்டது ஒரே ஆள், தாதோத்சுவில். பழைய மரபு என்று சொல்லிக்கொள்ளாமல் 'நானே செய்தேன்' என்று சொல்லியிருந்தால் இன்னும் பெருமைதான். ஆனால் அன்றைய ஜப்பானில் பரம்பரை இல்லாத கலையை யார் சீந்துவார்கள்?

நோக்கம் என்று வந்தால் இந்தக் கலையிடம் மழுப்பல் கிடையாது. 'பாதி தன் மகிழ்ச்சிக்காக, பாதி பிறர் மகிழ்ச்சிக்காக' என்பது அடிப்படை வாசகம். முழுக்கப் பிறருக்காக என்று சொல்லாததை நான் ரசிக்கிறேன். இதற்குக் கீழே ஆறு இயல்புகளை வகுத்து வைத்திருக்கிறார்கள். அவற்றை வரிசையாக ஒப்பிக்கப் போவதில்லை. பயிற்சியின் உருவத்தையே மாற்றிய சிலதை மட்டும் சொல்கிறேன்.

'ஷுஷு கோஜு': தற்காப்பு முதன்மை, தாக்குதல் துணை. ஆரம்பத்தில் சொன்ன கோதே நுகியில் அடி இரண்டாவதாக வருவது இதனால்தான். பாடத்திட்டத்தின் உத்திகள் பொதுவாக 'அவர் உங்களைத் தாக்குகிறார்' என்றுதான் தொடங்குகின்றன. 'ஃபுசாத்சு கத்சுஜின்': கொல்லாதே, வாழவை. வைத்தியப் பகுதி பாடத்திலேயே சேர்ந்திருப்பதற்கு இதுதான் நியாயம்.

'ரிகி ஐ ஃபுனி' என்று இன்னொன்று: வலிமையும் அன்பும் இரண்டல்ல. அன்பு மட்டும் இருந்து வலிமை இல்லாதவனால் யாரையும் காப்பாற்ற முடியாது, வலிமை மட்டும் இருப்பவன் ரவுடி. மஞ்சூரியாவில் கைவிடப்பட்ட மக்களைப் பார்த்தவரிடமிருந்து வந்தது என்று தெரிந்தபின் இதில் அலங்காரம் தெரிவதில்லை.

'குமிதே ஷுதாய்' தான் நடைமுறையில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: இருவராகப் பயில்வதே முதன்மை. ஒருவர் தாக்க, ஒருவர் தடுத்துத் திருப்ப, பிறகு இடம் மாற. உங்கள் மணிக்கட்டை நண்பர் சரியாகப் பிடித்தால்தான் உங்களுக்கு உத்தி வரும். அவர் வளராமல் நீங்கள் வளர முடியாது. பாதி எனக்கு, பாதி உனக்கு என்ற வாசகம் இங்கே உடம்பாலேயே புரிய வேண்டும் என்பது சோவின் கணக்கு. தொடங்கும்போதும் முடிக்கும்போதும் இருவரும் முகத்துக்கு நேரே கைகூப்புகிறார்கள். குனிந்து வணங்கும் நாட்டில் இந்தக் கும்பிடு தனித்துத் தெரியும்.

இந்த இருவர் பயிற்சியின் உச்சம் 'எம்பு': முன்கூட்டியே அமைத்த தாக்குதல்களையும் பதில்களையும் ஒரு ஜோடி முழு வேகத்தில் செய்து காட்டுவது. இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். போட்டிகளில் முக்கிய இடம் இதற்குத்தான். நடுவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். நல்ல ஜோடி செய்தால் மூச்சு நின்றுவிடும். சுமாரான ஜோடி செய்தால் ஒத்திகை பார்த்த நாடகம், விழப்போகிறவர் முறுக்குவதற்கு முன்பே குதித்துவிடுவார். கலப்புச் சண்டைப் போட்டிகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறை 'இது நிஜச் சண்டையில் நிற்குமா?' என்று கேட்பது நியாயமான கேள்விதான். மார்புக்கவசம் அணிந்து சுதந்திரமாக மோதும் பயிற்சியும் இருக்கிறது, ஆனால் கலையின் மையம் அதுவாக இருந்ததில்லை. வென்றவன், தோற்றவன் என்று பிரிப்பது சோவின் திட்டத்தோடு மோதும். கராத்தே, ஜூடோ அளவுக்கு இது உலக மேடை ஏறாததற்கு இந்தத் தேர்வும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

படிநிலைத் தேர்வில் இன்னொரு விசேஷம்: எழுத்துத் தேர்வு உண்டு. உதைக்கத் தெரிந்தால் போதாது, உட்கார்ந்து கட்டுரை எழுத வேண்டும். பயிற்சி நாளிலும் கூடத்தைப் பெருக்கித் துடைப்பது, தியானம், வாசகங்களைச் சேர்ந்து சொல்வது, ஆசிரியரின் சிறு உரை எல்லாம் பாடத்தின் பகுதிகள். ஆசிரியர்களில் பெரும்பாலோருக்குப் பகலில் வேறு தொழில். இதை வைத்துப் பிழைக்கக் கூடாது என்பது சோ வைத்த பழக்கம்.

சேர்ந்து சொல்லும் வாசகங்களில் முதலாவது, 'தனக்குத் தானே புகலிடம், தன்னை விட்டால் வேறு யார் புகலிடம்' என்று தொடங்குகிறது. இது தம்மபதத்தின் 160ஆவது பாடல். அடுத்து வருவது 165ஆவது. பாலி மொழியிலிருந்து கிளம்பி, ஜப்பானியப் பையன்கள் வியர்வையோடு கோரஸாகச் சொல்லும் வரிகளாகியிருக்கின்றன. கொங்கோ ஜென் வணங்கும் மூலப் பொருளின் பெயர் 'தாமா'. தர்மம்தான், உச்சரிப்பு மாறியிருக்கிறது. போதிதர்மர் சண்டை சொல்லிக்கொடுத்தாரோ இல்லையோ, இந்தியாவிலிருந்து வந்ததாக உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. நம் ஆட்கள் இவற்றை விட்டுவிட்டு இளவரசர் கதையைப் பிடித்துக்கொள்வதுதான் எனக்குப் புரியவில்லை.

வந்த இன்னொன்று சங்கடமாகிப் போனது. கலையின் சின்னமாக நெடுங்காலம் உடையின் மார்பில் இருந்தது 'மன்ஜி', நாம் ஸ்வஸ்திகம் என்பது. ஜப்பான் வரைபடங்களில் பௌத்தக் கோயிலைக் குறிக்கவே அதைத்தான் போடுவார்கள், யாருக்கும் உறுத்தாது. கலை ஐரோப்பாவுக்குப் போனதும் கதை வேறாகிவிட்டது. நாஜிக் கொடியின் நினைவு அழியாத ஊரில் அந்த உடையோடு தெருவில் நடக்க முடியுமா? வெளிநாட்டுக் கிளைகள் வேறு சின்னம் அணிந்து சமாளித்துவந்தன. கடைசியில் 2005இல் உலகம் முழுவதற்கும் ஒரே சின்னமாக, பின்னிப் பிணைந்த இரு வட்டங்கள் வந்தன.

அதற்குள் அமைப்பு வெகுதூரம் போயிருந்தது. ஜப்பானில் படித்துத் திரும்பிய மாணவர்கள் 1966இல் இந்தோனேசியாவில் சங்கம் அமைத்தார்கள். அங்கே இது வேரூன்றிய விளையாட்டு. இன்று முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் கிளைகள் இருக்கின்றன. 1980 மே மாதம் சோ இறந்தபோது தலைமைப் பொறுப்பு, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த அவர் மகள் யூகியிடம் வந்தது.

சாவதற்கு முந்தைய வருடம், 1979இல், சோ ஷாவோலினுக்குப் போனார். கலாச்சாரப் புரட்சியின் அடியிலிருந்து கோயில் அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தது. நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகி, வெள்ளாடை மண்டபத்துச் சுவரின் முன்னால் மறுபடி நின்றார். அவர் பெயரில் கோயிலில் ஒரு நினைவுக்கல் நட்டிருக்கிறார்கள். கல்லில் அவரைக் குறிக்கப் பொறித்திருக்கும் சொற்கள்: மலைக்குத் திரும்பி வந்த பெருந்துறவி.